மத்தியானத்துக்கு மாமா வீடு: வடாற்காடு பயணக் கேள்விகள்

லீவு விட்டதும் தபாலிலும் போனிலும் வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கார் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், வேலூர்ப் பக்கம் நாலு சொந்தக்காரர் வீடு இருக்கிறது, பார்க்கவும் நாலு இடம் இருக்கிறது, எப்படி முடிப்பது? இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். கல்யாணப் பொருத்தம், மாமியார் மருமகள் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும். (மாமியார் இதிலும் வருகிறார், அது வேறு.)

கேள்வி: நாங்கள் ஏழு பேர். அப்பா, அம்மா, நான், கணவர், தம்பி, இரண்டு பிள்ளைகள். குடியாத்தத்தில் பெரியம்மா, ஆம்பூரில் மாமா, போளூரில் அத்தை. மூன்று நாள் லீவு. பொற்கோயில், வேலூர் கோட்டை, ஏலகிரி, திருவண்ணாமலை எல்லாம் பார்க்க வேண்டும். முடியுமா?
வாசகி, தாம்பரம்

பதில்: முடியும். ஆனால் முடித்துவிட்டுத் திரும்பும்போது காருக்குள் யாரும் யாரோடும் பேசிக்கொண்டிருக்க மாட்டீர்கள். அதனால் திருவண்ணாமலையை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். போளூரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர், கிட்டதானே, ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாம் என்று வண்டியில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அண்ணாமலையாருக்கு ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும், கிரிவலம் என்றால் 14 கிலோமீட்டர் நடை, அதற்கு ஒரு இரவும் சேர்த்து.

மற்றதெல்லாம் வெயிலை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், கிலோமீட்டரை வைத்து இல்லை. எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல, சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே கிடையாது, சுற்றிலும் பாறை மலை, பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் திருப்பித் தரும். பதினோரு மணிக்குமேல் நாலு மணிவரை கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு நடக்க முடியாது. அதனால் நான் யாருக்கும் சொல்வது இதுதான்: காலையும் சாயந்திரமும் ஊர் பாருங்கள், சொந்தக்காரர் வீடுகளை மத்தியானத்துக்கு வையுங்கள். பாய் விரித்து, ஃபேன் போட்டு, சோறும் போட்டு, உங்கள் அப்பாவை ஒரு மணி நேரம் படுக்க வைக்க வேறு எங்கே முடியும்? பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். காலை பத்து மணிவரை பெரியம்மா வீட்டில் காபி குடித்துப் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, உச்சி வெயிலில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கோட்டைக்குப் போகிறார்கள்.

முதல் நாள் விடிகாலை ஐந்துக்குள் கிளம்புங்கள். சென்னையிலிருந்து வேலூர் 140 கிலோமீட்டர், நடுவில் எங்காவது இட்லி சாப்பிட்டாலும் எட்டு, எட்டரைக்கு ஸ்ரீபுரம் வந்துவிடலாம். பொற்கோயிலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். அங்கிருந்து திரும்ப வேலூருக்குள் வந்து கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒடுகத்தூர் ரோட்டிலேயே போய், அணைக்கட்டு வழியாகப் பள்ளிகொண்டாவில் ஹைவேயைப் பிடித்தால் குடியாத்தம் பக்கம்தான். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கண்ணில் பட்டால் இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். காம்பிலும் மேல்தொப்பியிலும் முள் இருக்கும், பார்த்து எடுக்க வேண்டும், ஆனால் எண்ணெய்யில் வதங்கியபிறகு வெண்ணெய்தான். புவிசார் குறியீடு வாங்கிய கத்தரிக்காய் அது. பெரியம்மாவுக்கு ஸ்வீட் பாக்ஸைவிட அது சந்தோஷம். மத்தியானமும் இரவும் குடியாத்தம்.

இரண்டாம் நாள் மாதனூர் வழியாக ஆம்பூர், மாமா வீட்டில் சாப்பாடு. மூன்றரைக்குக் கிளம்பி வாணியம்பாடி வழியாக வெளிச்சம் இருக்கும்போதே ஏலகிரி ஏறி, இரவு அங்கே தங்கல். ரூமை இப்போதே போட்டுவிடுங்கள், கோடை விழா சமயத்தில் மேலே போய்த் தேடினால் கிடைக்காது. மூன்றாம் நாள் புங்கனூர் ஏரியில் பிள்ளைகள் ஒரு படகுச் சவாரி போனதும் இறங்கி, வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர் என்று ஜவ்வாது மலை மேலேயே போய்ப் போளூரில் இறங்குங்கள். அத்தை வீட்டில் சாப்பாடு, ஒரு தூக்கம். நாலு மணிக்குக் கிளம்பினால் கண்ணமங்கலம் வழியாக ஐந்தரைக்கு வேலூர் கோட்டை, அங்கே காற்று வாங்கிவிட்டு ஏழரைக்குச் சென்னை ரோடு. உங்கள் கணவர் மட்டும்தான் ஓட்டுவார் என்றால் கோட்டையை விட்டுவிட்டு, போளூரிலிருந்து ஆரணி, ஆற்காடு வழியாக நேரே வீட்டுக்கு. கோட்டை 1566-லிருந்து அங்கேயேதான் இருக்கிறது, அடுத்த முறையும் இருக்கும்.

கேள்வி: மாமியாருக்கு முட்டி வலி. பொற்கோயிலில் ரொம்ப நடக்க வேண்டுமாமே?
வாசகி, செய்யாறு

பதில்: ஆமாம், நடக்க வேண்டும். ஸ்ரீபுரத்தில் நட்சத்திர வடிவத்தில் பாதை போட்டிருக்கிறார்கள், மொத்தமாக 1.8 கிலோமீட்டருக்கு மேல் வரும். கூரை போட்ட பாதைதான், வழியெல்லாம் பொன்மொழிப் பலகைகள், வெயில் தலையில் விழாது. ஆனால் நடுவில் "போதும், திரும்பிவிடலாம்" என்று சொல்ல முடியாது. சக்கர நாற்காலியோ வேறு ஏற்பாடோ வேண்டுமென்றால் உள்ளே நுழையும் முன்பே கேட்டுவிடுங்கள். பாதிப் பாதையில் அத்தை உட்கார்ந்துகொண்ட பிறகு கேட்பதில் பலனில்லை.

இன்னும் இரண்டு விஷயம். போன், கேமரா எல்லாம் வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஏழெட்டுப் பேர் போகிற குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். உள்ளே கூட்டத்தில் ஆள் பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லை, எல்லோருக்கும் யாராவது கூப்பிட்டுப் பழகிவிட்டதே ஒழியக் காத்திருந்து பழக்கமில்லை. அதனால் செருப்பு விடும் இடத்தையோ போன் கொடுக்கும் கவுண்டரையோ காட்டி, "காணாமல் போனால் இங்கே வந்து நில்" என்று பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கு முக்கியமாக. அப்புறம் உடை. லுங்கி, நைட்டி, அரைக்கால் சட்டை எதுவும் ஆகாது. லீவு என்று பெர்முடாஸில் கிளம்பும் மச்சான்கள் டிக்கியில் ஒரு வேட்டி வைத்துக்கொள்ளட்டும்.

2007 ஆகஸ்டில் கும்பாபிஷேகம் ஆன கோயில் இது. ஆயிரத்து ஐந்நூறு கிலோ தங்கம் என்கிறார்கள். செப்புத் தகட்டின் மேல் தங்கரேக்கு அடுக்கடுக்காக வைத்து அடித்த வேலை. மாமியாருக்குச் சாயந்திரம் வசதிப்பட்டால் அதுவும் நல்லது, விளக்குப் போட்டதும் தண்ணீரில் நிழல் விழும்போது பார்க்க அழகு.

கேள்வி: ஏலகிரி ஊட்டி மாதிரி இருக்குமா?
வாசகர், திண்டிவனம்

பதில்: இருக்காது. ஸ்வெட்டர் எல்லாம் எடுத்துப் போகாதீர்கள். கீழே கொதிக்கும்போது மேலே ஃபேன் இருந்தால் தூங்கலாம், அதுதான் ஏலகிரி. பலாப்பழ சீசனில் போனால் காசு மிச்சம், வயிறு நிறையும்.

கேள்வி: எங்கள் சின்னவளுக்கு நாலாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும். ஏலகிரியில் எத்தனை வளைவு? என்ன செய்யலாம்?
வாசகர், காஞ்சிபுரம்

பதில்: பதினாலு. ஒவ்வொரு வளைவுக்கும் பாரி, கபிலர் என்று பெயர்ப்பலகை வைத்திருப்பார்கள், அதைப் படிக்கச் சொல்வதே ஒரு வைத்தியம். ஏனென்றால் வாந்திக்குக் காரணம் கண்ணுக்கும் காதுக்கும் நடக்கிற சண்டைதான். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு "திரும்புகிறோம், திரும்புகிறோம்" என்கிறது, போனையே பார்த்துக்கொண்டிருக்கிற கண் "இல்லையே, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது, மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. ஆகவே மலை ஏறும்போது போனைப் பிடுங்கிவிடுங்கள். குழந்தைகளை முன் சீட்டில் வைக்கக் கூடாது, பின் சீட்டிலேயே நடுவில் அல்லது ரோடு தெரிகிற பக்கம் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். தூரத்தில் தெரியும் மலையைப் பார்க்கட்டும். ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள். காரில் தொங்குகிற அந்த வாசனைப் புட்டியைக் கழற்றி எறியுங்கள், பாதி வாந்திக்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி.

ஆம்பூரில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நேரே ஏறாதீர்கள், இரண்டு மணி நேரமாவது போகட்டும். வெறும் வயிறும் ஆகாது. மாத்திரை கொடுப்பதானால் குழந்தை டாக்டரைக் கேட்டு வாங்கி, கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். புரட்ட ஆரம்பித்தபிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து மோந்துகொண்டே வரச் சொல்வது எங்கள் ஆயா வைத்தியம், பலிக்கிறதோ இல்லையோ பிள்ளைக்கு ஒரு வேலை.

வண்டி ஓட்டுகிறவருக்கும் ஒரு வார்த்தை. ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும். இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வராமல், எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி: கோட்டையில் பிள்ளைகளுக்கு என்ன காட்டுவது? பார்க்க ஒரு மதில், ஒரு அகழி, அவ்வளவுதான் என்கிறார்கள்.
வாசகி, ஓசூர்

பதில்: யார் சொன்னது? முன்பு வேலூரைப் பற்றி ஒரு கேலி உண்டு, நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று. முதல் இரண்டை விடுங்கள். பாலாற்றில் மணலைத்தான் பார்க்க முடியும், நல்ல மழை பெய்த வருஷங்களில் கரை புரண்டு வந்தால் ஊரே பாலத்தில் போய் நின்று வேடிக்கை பார்க்கும். கடைசி ஒன்று 1981-லேயே பொய்யாகிவிட்டது. ஏறக்குறைய நானூறு வருஷம் மூலவர் இல்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை அந்த வருஷம்தான் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த நாளைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், உங்களுக்கு வேலூரில் வயதான சொந்தம் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், கோட்டையைவிட அந்தக் கதை நீளமாகப் போகும்.

உள்ளே நுழைந்ததும் சாமி கும்பிட ஓடாமல் கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். தூணெல்லாம் யாளியும் குதிரை வீரனும். ஆங்கிலேயர் காலத்தில் ஆயுதக் கிடங்காக வைத்திருந்தார்கள் இந்தக் கோயிலை, அதையும் மீறி நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால் நடுவில் விதானத்தில் பூவைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கும். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், கழுத்து வலிக்கும்வரை சத்தம் போடாமல் இருப்பார்கள். அதே மண்டபத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொண்ட சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. யானை காளையாக மாறுகிற இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

வெளியே வந்தால் வரலாறு. 1806 ஜூலை 10, விடியும் முன்பே சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் குறி வைக்கக் கூடாது, தாடி மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தொப்பி போட வேண்டும் என்ற உத்தரவு ஒரு பக்கம், அந்த நேரம் திப்பு சுல்தானின் பிள்ளைகளை இதே கோட்டைக்குள் வைத்திருந்தது இன்னொரு பக்கம். கோட்டை அவர்கள் கையில் இருந்தது சில மணி நேரம்தான். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு காலையிலேயே வந்து சேர்ந்துவிட்டான். இன்று ஆற்காட்டிலிருந்து காரில் அரை மணியில் வந்துவிடுகிற அதே வழி என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், தூரம் புரியும். மீரட்டில் 1857-ல் சிப்பாய்கள் கிளர்ந்ததற்கு அரை நூற்றாண்டு முன்னால் இது. கோட்டைக்கு எதிரே மக்கான் சந்திப்பு அருகில் நினைவுத்தூண் இருக்கிறது, தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைச் சுற்றித்தான் ஹார்ன் அடித்துக்கொண்டு போகிறார்கள்.

கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறை வைக்கப்பட்டதும் இங்கேதான். 1832-ல் வேலூரிலேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று அவனுக்கு நினைவிடம் உண்டு. அங்கே பெரும்பாலும் கூட்டம் இருக்காது. இலங்கையிலிருந்து வந்த உறவுகள் யாராவது உங்களோடு இருந்தால் மட்டும் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

கேள்வி: வேலூரைச் சுற்றி எங்களுக்கு ஐந்து வீடு இருக்கிறது. எந்த வீட்டில் சாப்பிடாமல் வந்தாலும் கோபம். ஒரு வீட்டில் சாப்பிட்டால் மற்ற நாலு வீட்டுக்கும் கோபம். சாப்பிடவே போகாமல் லாட்ஜில் தங்கினால் ஐந்து வீட்டுக்கும் கோபம். வழி சொல்லுங்கள்.
வாசகர், சேலம்

பதில்: உங்கள் கேள்வியைத்தான் இந்த வாரம் எல்லோரிடமும் படித்துக் காட்டினேன்.

சார், கோபம் சாப்பாட்டுக்காக இல்லை. முன்கூட்டியே சொல்லவில்லை, கடைசியாகத்தான் எங்கள் வீடு ஞாபகம் வந்தது என்பதற்காக. "இன்னாம்மா, அம்மாந்தூரம் வந்துட்டு நம்ம வீட்டுக்கு மட்டும் தலையக் காட்டிட்டுப் போறீங்க" என்று சித்தி சொன்னால், நீங்கள் முதலில் யார் வீட்டுக்குப் போனீர்கள் என்பது அவருக்கு ஏற்கனவே தெரிந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே காட்பாடியில் காபி குடித்தால் காப்பித் தம்ளர் கழுவுவதற்குள் குடியாத்தத்துக்குச் சேதி போய்விடும்.

ஆகவே ஒரே நாளில், ஒரே மூச்சில், ஐந்து வீட்டுக்கும் போன் போடுங்கள். வயதில் மூத்தவர் வீட்டிலிருந்து ஆரம்பித்து வரிசையாக. "வரோம்" என்று மட்டும் சொல்லாமல், எந்த வேளைக்கு, எத்தனை பேர், யார் யார் கறி சாப்பிட மாட்டார்கள் என்றெல்லாம் சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டுக்குக் காலை டிபன், ஒரு வீட்டுக்கு மத்தியானச் சோறு, ஒரு வீட்டுக்கு நாலு மணிக் காபி, பஜ்ஜி. மீதி இரண்டு வீட்டை மறுநாளைக்கு. மத்தியானச் சாப்பாடு யார் வீட்டில் என்பதுதான் பதவி, அதைப் பெரியவர் வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள், இளையவர்கள் அதை ஒத்துக்கொள்வார்கள். காபி கிடைத்த வீட்டில் அவசரமாக வாயில் ஊற்றிக்கொண்டு கிளம்பாமல், முக்கால் மணி நேரமாவது உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் வீட்டுப் பையன் பத்தாவதில் எவ்வளவு மார்க் என்று நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஐந்து வீட்டையும் ஓரிடத்துக்கு வரச் சொல்லிவிடலாம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது, வேலூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர், சின்ன உயிரியல் பூங்கா, மழைக்காலம் கழிந்த கையோடு போனால் மேலே அருவியும் உண்டு. ஆளுக்கு ஒரு தூக்கில் புளிச்சோறு, தயிர்ச்சோறு, கருவாட்டுத் தொக்கு. குரங்கு ஜாஸ்தி, தூக்கைத் திறந்து வைத்துவிட்டுப் பேச்சில் இறங்கிவிடாதீர்கள். லாட்ஜ் யோசனையை மட்டும் மறந்துவிடுங்கள், அதற்கு மன்னிப்பே கிடையாது.

கையில் என்ன கொண்டு போவது என்று அடுத்து கேட்பீர்கள். ஆற்காடு வழியாக வந்தால் மக்கன் பேடா. பார்க்கக் குலாப் ஜாமூன் மாதிரி இருக்கும், ஆனால் ஆற்காட்டுக்காரர்களிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். உள்ளே முந்திரி, பாதாம் எல்லாம் பொடித்து வைத்திருக்கும், மேலே தட்டையாக, பாகில் ஊறி, விரலால் எடுத்தால் விண்டு விழும். வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள், டிக்கியில் சாய்ந்தால் பாகு போய்விடும்.

கேள்வி: ஆம்பூரில் எந்தக் கடையில் பிரியாணி நன்றாக இருக்கும்?
வாசகர், பெங்களூரு

பதில்: கடைப் பெயர் சொன்னால் மற்ற கடைக்காரர்கள் என்னை ஆம்பூர் வழியாகப் போக விடமாட்டார்கள். நேரம் சொல்கிறேன். பதினொன்றரையிலிருந்து ஒன்றுக்குள், அண்டாவுக்குத் தம் பிரித்த சூட்டில் சாப்பிட வேண்டும். நாலு மணிக்குப் போய், அடியில் கிடப்பதைச் சாப்பிட்டுவிட்டு "என்ன பெரிய ஆம்பூர் பிரியாணி" என்று சொல்பவர்களிடம் நான் பேசுவதில்லை. சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, மசாலா அளவோடு, கறி மெத்தென்று இருக்கும். காரம் நாக்கில் நிற்காது. கூடவே வைக்கிற புளி போட்ட கத்தரிக்காயைத் தொட்டுக்கொள்ளாமல் ஒதுக்கிவிடாதீர்கள், அதில்தான் பாதி விஷயம். ஆம்பூரில் உங்களுக்குச் சொந்தம் இருந்தால் கடையே வேண்டாம், முதல் நாளே சொல்லி அண்டா வைக்கிற ஆளிடம் கிலோ கணக்கில் போடச் சொல்லுங்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

கேள்வி: டோலுக்கே நிறையப் போகிறது. குறைக்க வழி உண்டா?
வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு, 24 மணி நேரத்துக்குள் அதே டோலில் திரும்பி வந்தால் திரும்புகிற பயணத்துக்குப் பாதிதான் பிடிப்பார்கள், ஃபாஸ்டேக்கில் தானாகவே கழியும். அடிக்கடி ஊருக்கு வந்து போகிற சொந்தக் கார்க்காரர்களுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து வருடாந்தர பாஸ் வந்திருக்கிறது, வந்தபோது 3,000 ரூபாய், ஒரு வருஷம் அல்லது 200 டோல், எது முதலில் முடிகிறதோ அதுவரை. தேசிய நெடுஞ்சாலை டோல்களுக்கு மட்டும்தான் அது. வாலாஜா, பள்ளிகொண்டா, வாணியம்பாடி என்று இந்த ஒரு ரோட்டிலேயே மூன்று வருகிறது, மாதம் ஒரு தடவை அம்மா வீட்டுக்கு வருகிறவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளம்பும் முன் ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டி வரும்.

கேள்வி: நீங்கள் இன்னும் வடாற்காடு என்றே எழுதுகிறீர்கள். அந்த மாவட்டம் எங்கே இருக்கிறது?
வாசகர், கோவை

பதில்: கல்யாணப் பத்திரிகையிலும் என் மனதிலும். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. இந்தப் பக்கத்தில் நான் சொன்ன ஆம்பூரும் ஏலகிரியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம், போளூர் திருவண்ணாமலை. சொந்தக்காரர்கள் யாரும் வீடு மாறவில்லை.

கேள்வி: எந்தெந்தத் தேதியில் வரவே கூடாது?
வாசகி, புதுச்சேரி

பதில்: கூட்டம் பிடிக்கும் என்றால் அதே தேதிகளில்தான் வர வேண்டும். பிடிக்காது என்றால், வைகாசி முதல் தேதி குடியாத்தம் பக்கம் வண்டியைத் திருப்பாதீர்கள். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மன் சிரசு ஊர்வலமாக வரும்போது ஊருக்குள் கால் வைக்க இடம் இருக்காது. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி, வள்ளிமலை எல்லாம் காவடி. பொங்கல் முடிந்த கையோடு கிராமம் கிராமமாக எருது விடும் விழா, ரோட்டோரம் வண்டிகள் நிறுத்தியிருப்பார்கள், உள் ரோடுகளில் நகர முடியாது. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை ரோடு நிரம்பிவிடும். கார்த்திகைக் கடைசி ஞாயிறுக்கு விரிஞ்சிபுரம், பிள்ளை வரம் கேட்டுச் சிம்ம தீர்த்தத்தில் நடுராத்திரி குளிக்க வருகிற கூட்டம்.

மற்ற நாட்களில் அதே விரிஞ்சிபுரத்தில் ஆள் அரவமே இருக்காது. வேலூரிலிருந்து ஹைவேயில் செதுவாலை வந்து உள்ளே திரும்ப வேண்டும். மார்க்கபந்தீஸ்வரர், வழித்துணைநாதர் என்று பெயர், பயணம் கிளம்புகிறவர்கள் இவரைக் கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். மதில் பெயர்போனது. பிரகாரத்தில் ஒரு மணிகாட்டும் கல் இருக்கிறது. அரைவட்டமாகச் செதுக்கி, கோடு கிழித்து, எண் போட்டிருப்பார்கள். மேலே இருக்கிற பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. பக்கத்திலேயே குச்சி கிடக்கும், இல்லாவிட்டால் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் போனோடு ஒத்துப் பார்த்து, "சரியாத்தான் காட்டுது" என்று கல்லுக்கு சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். இதற்கு ஒரு மணி நேரம் போதும், சென்னைக்குத் திரும்பும் வழியிலேயே வைத்துக்கொள்ளலாம், வெயில் இருக்கும்போதே போனால்தான் மணி தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: ஜவ்வாது மலை வழியாகப் போளூர் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். குடும்பத்தோடு போகலாமா? காவலூர் தொலைநோக்கியைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை.
வாசகர், ஜோலார்பேட்டை

பதில்: தாராளமாகப் போகலாம், பகலில். இருட்டினபிறகு வேண்டாம். வளைவு அதிகம், வெளிச்சம் குறைவு, பல இடங்களில் டவர் கிடைக்காது, டயர் பஞ்சர் ஆனால் உதவிக்கு ஆள் வர நேரமாகும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். காற்று பிடிப்பதையும் காலையில் டயர் சூடேறும் முன் பிடியுங்கள். மத்தியானம் ஓடின டயரில் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும், கூடிவிட்டதே என்று இறக்கிவிடக் கூடாது.

காவலூரில் வைனு பாப்பு வானாய்வுக் கூடம். 2.34 மீட்டர் தொலைநோக்கி, இங்கேயே வடிவமைத்துக் கட்டினது, 1986-ல் ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்தார். ராத்திரி வேலை செய்கிற இடம் என்பதால் நினைத்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். பார்வையாளர் நாள், நேரம் எல்லாம் விசாரித்துவிட்டு, அதற்கேற்ப பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். கேட் வரை போய்த் திரும்பினால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். ஜமுனாமரத்தூரில் சாமை அரிசியும் தேனும் கிடைக்கும், போளூரில் சொந்தம் இருந்தால் அவர்களுக்கு ஒரு கிலோ சாமை வாங்கிக்கொள்ளலாம். பெட்ரோலை மட்டும் மலை ஏறும் முன்பு, ஆலங்காயத்திலேயே நிரப்பிவிடுங்கள்.